கணிதச் சங்கம் சொன்னால் அரசு கேட்குமா?

கேள்வி: கணிதச் சங்கங்கள் மாநாடு கூட்டுகின்றன, ஆய்விதழ் நடத்துகின்றன, சரி. நாட்டின் கல்விக் கொள்கையை அவற்றால் மாற்ற முடியுமா?

பதில்: முடியும், நடந்தும் இருக்கிறது. அமெரிக்கக் கணித ஆசிரியர்களின் தேசியக் கவுன்சில், எந்த வகுப்பில் எதைக் கற்க வேண்டும் என்று 1989-இல் தானே ஒரு வரையறையை எழுதி வெளியிட்டது. அதற்குச் சட்ட அதிகாரம் துளியும் கிடையாது. ஆனாலும் பல மாநிலங்கள் அதை வைத்துத்தான் பாடத்திட்டத்தைத் திருத்தின. வெறும் கோரிக்கை மனுவாக இல்லாமல், அதிகாரிகள் அப்படியே எடுத்துப் பயன்படுத்தும்படி இருந்ததுதான் காரணம் என்பேன்.

பிரிட்டனில் 1995-இல் லண்டன் கணிதச் சங்கம் வேறு இரண்டு அமைப்புகளோடு சேர்ந்து ஓர் அறிக்கை கொடுத்தது. தரம் போச்சு என்று பொத்தாம்பொதுவாகப் புலம்பாமல், பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவர்கள் இயற்கணிதத்தில் தடுமாறுவதையும், பல படிகள் கொண்ட கணக்கு என்றால் திணறுவதையும், கணிதத்தில் நிரூபணத்துக்கு என்ன இடம் என்பதே தெரியாமல் இருப்பதையும் அது குறிப்பிட்டுச் சொன்னது. இப்படிச் சொன்னால் எந்த அமைச்சகமும் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.

அப்புறம் இன்னொன்று. பேராசிரியர்கள் மட்டும் உட்கார்ந்து எழுதக் கூடாது. ஆறாம் வகுப்பில் பின்னம் நடத்துகிற ஆசிரியரும் அந்த மேசையில் இருக்க வேண்டும், அதுவும் வரைவு எழுதும்போதே.