இரண்டு எஞ்சின் பூட்டினால் ஏன் இழுபறி? மாதிரி ரயில் வேக வளைவு: கேள்வி பதில்

கொக்குவில்: அண்ணை, என்ரை மாதிரி யாழ்தேவி ரயிலுக்கு எம்2 டீசல் எஞ்சின் இரண்டு பூட்டி ஓடவிடுகிறேன். பின்னுக்கு நிற்பது முன்னதைத் தள்ளுகிறது, சில்லு சும்மா சுழலுகிறது. எதைத் திருத்துவது?

தம்பி, முதலில் இரண்டையும் கழற்றித் தனித்தனியே நேரம் எடுங்கள். தண்டவாளத்தில் 2 மீட்டர் அளந்து இரண்டு அந்தத்திலும் சின்ன ரேப் துண்டு ஒட்டுங்கள். 1:87 அளவு எஞ்சின் நிஜத்தில் 60 கிலோமீட்டர் வேகத்துக்குச் சமமாக ஓடினால் அந்தத் தூரத்துக்குப் பத்தரை செக்கனுக்குக் கொஞ்சம் குறைய எடுக்கும். அளக்க முதல், எஞ்சினுக்குள் இருந்து மோட்டரை ஆளுகிற டிகோடர் என்ற சின்னச் சுற்றுப்பலகையில் சிவி 3, சிவி 4 இரண்டையும் பூச்சியமாக்குங்கள். சிவி என்பது டிகோடரின் எண் போட்ட அமைப்பு; 3 வேகம் ஏறுவதையும் 4 இறங்குவதையும் தாமதப்படுத்தும். இல்லாவிட்டால் வேகம் ஏறி முடிய முதலே கோடு வந்துவிடும்.

வேகமானதைத்தான், அதன் வேக வளைவை (எந்த வேகப்படிக்கு மோட்டருக்கு எவ்வளவு என்ற கணக்கை) தாழ்த்தி, மெதுவானதுக்கு இறக்க வேண்டும். தண்டவாளத்தில் உள்ள வோல்ற்றளவுக்கு மேல் டிகோடர் மோட்டருக்குக் கொடுக்காது, ஆகவே சோம்பேறியை ஏற்றப் பார்த்துப் பயனில்லை. அப்புறம், இரண்டையும் ஒரு கால் மணித்தியாலம் ஓட்டிச் சூடாக்கிவிட்டே அளவெடுங்கள். நான் முதல்முறை சூடேறிய ஒன்றையும் பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த ஒன்றையும் நடுச்சாமம் வரை பொருத்தினேன். விடியப் பார்த்தால் இரண்டும் கீரியும் பாம்பும்.

சாவகச்சேரி: டிகோடரை அமைக்கிற கொம்பியூட்டர் மென்பொருளான டிகோடர்புரோவில் 28 வேகப் புள்ளிகளின் கோலையும் இழுத்து வடிவான வளைவு போட்டு டிகோடரில் எழுதினேன். எஞ்சின் பழையபடிதான் ஓடுகிறது.

சிவி 29ஐப் பாருங்கள். உங்கள் வளைவு சிவி 67 தொடக்கம் 94 வரை பத்திரமாகத்தான் இருக்கும். ஆனால் சிவி 29இல் 16 கூட்டாவிட்டால் டிகோடர் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது, சிவி 2, 6, 5 என்ற தொடக்கம், நடு, உச்சம் மூன்று புள்ளியை வைத்தே ஓடும். 6 இருந்தால் 22 ஆக்குங்கள். நீண்ட முகவரி போட்டு 38 இருந்தால் 54. என்னிடம் வருகிற கேள்விகளில் பாதி இதுதான்.

வட்டுக்கோட்டை: நான் வேகத்தை 128 படியாகப் பிரித்து ஓட்டுகிறேன். 28 புள்ளி காணுமா?

ஓம், காணும். இடைப்பட்டதை டிகோடரே கணக்குப் பார்த்து நிரப்பும். அதனால் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை ஏறுக்குமாறாக வைக்க வேண்டாம்.

நல்லூர்: வளைவு எந்த வடிவில் இருக்க வேணும் ஐயா?

நான் உச்சியை, அதாவது ஆகக்கூடிய வேகத்தை, முதலில் பிடிப்பேன். எம்2 பயணிகள் வண்டி இழுக்கிற எஞ்சின், விமானம் இல்லை. உச்சி முடிந்ததும் 1ஆம் படியில் மெல்ல அசையுமளவுக்குக் கீழ்ப்புள்ளி. நடுப்படியை உச்ச வேகத்தின் மூன்றில் ஒரு பங்கில் வைத்தால் ஸ்டேசனுக்குள் நுழைகிற நேரம் கைக்குள் நிற்கும். நேர்கோடு எனக்குப் பிடிப்பதில்லை.

அச்சுவேலி: முன்னுக்குச் சரி, பின்னுக்கு மட்டும் மெதுவாக வருகிறது.

முன்னுக்கு ஓடும் வேகத்தைச் சரிக்கட்டுவது சிவி 66, பின்னுக்கு சிவி 95. 128 என்றால் மாற்றமில்லை. 66ஐக் குறைத்துப் பாருங்கள்.

காரைநகர்: எல்லாம் பொருத்தியும் விக்கி விக்கி ஓடுகிறது.

கொம்பியூட்டரை மூடிவிட்டு, ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்ட துணியால் தண்டவாளத்தை ஒருதரம் துடையுங்கள். துணி கறுத்துத்தான் வரும். சில்லுகளையும் விட வேண்டாம்.