நடை பழகுவோம்: ஐஸ் கொட்டும் ஊரில் பெரியவர்கள் வெளியே போகலாமா?

மூட்டு, நடை, முதுமை தொடர்பான வாசகர் கேள்விகளுக்குத் தருமபுரி பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பதில் சொல்லும் பகுதி

கேள்வி: எனக்கு 68 வயது, மனைவிக்கு 64. மகள் டொரண்டோவில் இருக்கிறாள். அவளுடைய பிரசவத்துக்காக டிசம்பரில் போய் மார்ச் கடைசி வரை தங்கப் போகிறோம். "ஐஸில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டால் என்னால் சமாளிக்க முடியாது, இரண்டு பேரும் வாசலைத் தாண்டவே கூடாது" என்று இப்போதே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நான் தினமும் காலையில் பஸ் ஸ்டாண்டு வரை நடந்து போய், டீ குடித்து, பேப்பர் பார்த்துவிட்டு வருகிறவன். மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. குளிர்காலம் முழுக்க உள்ளேயே கிடக்க வேண்டியதுதானா?
— வாசகர், பாலக்கோடு

பதில்: வேண்டாம் ஐயா. உங்கள் மகளின் பயம் நியாயமானது. ஆனால் அதற்கு அவர் கண்டுபிடித்திருக்கும் வழி சரியில்லை. வயதானவர்களின் தொடைத் தசை, உபயோகம் இல்லாவிட்டால் வேகமாகக் கரையும். நான்கு மாதம் சோபாவில் உட்கார்ந்திருந்த கால், ஐஸ் எல்லாம் உருகிய பிறகு சாதாரணத் தரையிலேயே தடுமாறும். வெளிநாட்டில் குளிர்காலம் கழித்துத் திரும்பியவர்களிடம் இதைப் பார்த்திருக்கிறேன். போகும்போது தானே பெட்டி தூக்கிப் போனவர், திரும்பி வந்து நாற்காலியிலிருந்து எழக் கைப்பிடி தேடுவார். அதனால் போகலாமா என்பதை விட்டுவிடுங்கள். எந்த நாளில், எந்த நேரத்தில், எதைக் காலில் போட்டுக்கொண்டு போவது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

என் அக்கா வீடு டொரண்டோவை ஒட்டிய மிசிசாகாவில் இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே தங்கியிருக்கிறேன், அந்தத் தரையில் நடந்தும் இருக்கிறேன். புதிதாகக் கொட்டிக் கிடக்கும் வெள்ளைப் பனி நாம் நினைக்கிற அளவுக்கு மோசமில்லை, அதில் கால் கொஞ்சம் பதியும். பயப்பட வேண்டியது, பகலில் உருகி ராத்திரியில் மறுபடி உறைந்த ஐஸுக்குத்தான். 'பிளாக் ஐஸ்' என்பார்கள். அதற்கு நிறமே கிடையாது, அடியில் இருக்கும் தார்தான் தெரியும். பார்த்தால் தரை லேசாக ஈரமாக இருப்பது போலத்தான் தோன்றும். நிழல் விழும் சுவரோரம், கூரைத் தண்ணீர் குழாயிலிருந்து வடியும் இடம், நிறுத்தி வைத்த கார்களுக்கு நடுவில், வீட்டு வாசற்படி எல்லாம் அது இருக்கும். பாலங்கள் மேலும் கீழும் காற்று பட்டுச் சீக்கிரம் உறைந்துவிடும். மழையே விழுந்த இடத்தில் உறைகிற 'ஃப்ரீசிங் ரெயின்' நாளில் மட்டும் மகள் பேச்சை அப்படியே கேளுங்கள். அன்று உள்ளூர்க்காரர்களே வெளியே வரத் தயங்குவார்கள்.

மற்ற நாட்களில் காலை 11 மணியிலிருந்து 2 மணிக்குள் போய்விட்டு வாருங்கள். அதிகாலை நடை உங்கள் பழக்கம் என்று தெரிகிறது. ஆனால் அந்த ஊரில் அதிகாலைத் தரைதான் மோசமான தரை. மாலையும் உதவாது, டிசம்பரில் ஏறக்குறைய 4.40-க்கே சூரியன் மறைந்துவிடும்.

வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் கல்லுப்பு வைத்திருக்கச் சொல்லுங்கள். படி இறங்கும் முன் தூவிவிட்டுச் சற்றுப் பொறுத்து இறங்க வேண்டும். உப்பு ஐஸை இளக்கும். ஆனால் மைனஸ் 10-க்குக் கீழே குளிர் போய்விட்டால் சாதாரண உப்பு சரியாக வேலை செய்யாது, அப்போது மணல் தூவினால் கால் பிடிக்கும்.

காலணியை இங்கிருந்து வாங்கிப் போகாதீர்கள். பெங்களூரில் கிடைக்கும் ஸ்போர்ட்ஸ் ஷூ கூட அங்கே வழுக்கும். அங்கே போய், கணுக்காலை மூடுகிற, குதிகால் தட்டையான, அடியில் ஆழமாக வெட்டு உள்ள ரப்பர் பூட்ஸ் வாங்குங்கள். தடித்த சாக்ஸ் போட்ட காலோடு அளவு பாருங்கள். பூட்ஸுக்கு மேல் மாட்டுகிற, சின்னச் சின்ன இரும்பு முள் வைத்த ரப்பர் பட்டை தனியாக விற்கும். ஐஸில் அது நன்றாகப் பிடிக்கும். ஆனால் கடைக்குள்ளே டைல்ஸில் அதே முள் சறுக்கிவிடும், வாசலிலேயே கழற்ற வேண்டும். உங்கள் மனைவிக்கு முழங்காலை மடக்கிக் குனிவது கஷ்டம் என்பதால், கதவோரம் உயரமான ஸ்டூல் ஒன்று போட்டு, மாட்டிவிட ஒருவர் இருக்கும்போதுதான் இதை உபயோகிக்க வேண்டும்.

நடையைப் பொறுத்தவரை உங்களுக்குப் புதிதாகக் கற்றுத்தர ஒன்றுமில்லை. மழை பெய்த மறுநாள் வயல் வரப்பில் எப்படிப் போவோம்? அடி சின்னதாக, பாதம் முழுசாகப் பதிய, முழங்கால் லேசாக மடங்க, உடம்பு முன்காலின் மேல் வருகிற மாதிரிப் போவோம் இல்லையா, அதேதான். கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொள்ளக் கூடாது, தடுமாறினால் சமாளிக்கக் கை வேண்டும். அதனால் கையுறை அவசியம். பையைக் கையில் தொங்கவிடாமல் முதுகில் மாட்டுங்கள். சட்டென்று திரும்பாதீர்கள். காரிலிருந்து இறங்கும்போதுதான் நிறையப் பேர் விழுகிறார்கள். ஒரு காலை வைத்து எழக் கூடாது. உட்கார்ந்தபடியே இரண்டு காலையும் வெளியே திருப்பி, தரையைத் தேய்த்துப் பார்த்து, கார்ச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுங்கள்.

மனைவியிடம் சொல்லுங்கள்: வெளியே போகும்போது புடவை வேண்டாம். கரை நனைந்து காலைச் சுற்றும், அடி வைக்கும் இடமும் தெரியாது. பேன்ட் போட அம்மா கூச்சப்படுவார், எனக்குத் தெரியும். மேலே முழங்கால் வரை கோட்டு வந்துவிடும், உள்ளே என்ன போட்டிருக்கிறோம் என்று யாருக்கும் தெரியாது. உடம்பை ஒட்டிப் போடும் முதல் உடை பருத்தியாக இருக்கக் கூடாது. வியர்த்தால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு குளிரை ஏற்றும். கம்பளி அல்லது செயற்கை நூல் தெர்மல் சரி. வெப்பமானி மைனஸ் 10 காட்டினாலும், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் மைனஸ் 20 போலத்தான் உடம்பில் படும். கிளம்பும் முன் காற்றையும் விசாரியுங்கள்.

நடக்கவே முடியாத வாரங்களும் வரும். அப்போது பெரிய மால்களுக்குள் நடக்கலாம், அங்கே வயதானவர்கள் பலர் அப்படித்தான் நடக்கிறார்கள். ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்கு எப்படியும் கூட்டிப் போவார்கள். கோயிலில் பூட்ஸைக் கழற்றிய பிறகும் கவனம் வேண்டும். வாசலில் பனி உருகிய ஈரத்தில் சாக்ஸ் நனைந்தால் உள்ளே பளிங்குத் தரையில் வழுக்கும். அடியில் ரப்பர் புள்ளி வைத்த சாக்ஸ் ஒரு ஜோடி பையில் இருக்கட்டும்.

வெளியே விழுந்துவிட்டால் பதறி எழாதீர்கள். வலி எங்கே என்று ஒரு நிமிடம் பாருங்கள். பிறகு பக்கவாட்டில் புரண்டு, கையும் முழங்காலும் ஊன்றி, பிடிமானம் உள்ள இடம் வரை தவழ்ந்து போய் எழலாம். எழ முடியாவிட்டால் அங்கே அவசர உதவி எண்ணான 911-க்கு அடியுங்கள். செல்போனை உள்சட்டைப் பையில் வையுங்கள், கடும் குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும். பிள்ளைகளோடு நீண்ட நாள் தங்கப் பெற்றோருக்குக் கனடா தருகிற 'சூப்பர் விசா'வில் போவதானால் குறைந்தது 1,00,000 கனடா டாலருக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். வேறு விசா என்றாலும் காப்பீடு இல்லாமல் விமானம் ஏறாதீர்கள்.

கிளம்ப இன்னும் நாள் இருக்கிறது. இன்றே தொடங்குங்கள்: கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது பத்து முறை, சமையல் மேடையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவது பத்து முறை, அதே மேடையைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்பது. காலையும் மாலையும் இருவரும் சேர்ந்து செய்யுங்கள். மனைவிக்கு நாற்காலி சற்று உயரமாக இருக்கட்டும். டொரண்டோ ஐஸில் நிற்கும் பலத்தைப் பாலக்கோட்டு வீட்டிலேயே சேர்த்துக்கொண்டு போக முடியும்.

கேள்வி: என் அத்தைக்கு 72 வயது. மார்கழி முழுக்க விடியற்காலை 5 மணிக்குக் கோயிலுக்குப் போவார். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். ஓசூர் குளிரில் போக வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்கிறார். எப்படி நிறுத்துவது?
— வாசகி, ஓசூர்

பதில்: நிறுத்தாதீர்கள் சகோதரி. அவருக்கு அந்த மாதத்தில் இருக்கிற சந்தோஷமே அதுதான். ஆறரை மணிக்கு மாற்ற முடியுமா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். ஐஸ் இல்லாவிட்டாலும் வழுக்க வேறு நிறைய இருக்கிறது. கோலம் போடத் தெளித்த தண்ணீர், பனி ஈரம் பட்ட கோயில் கருங்கல் படி, தேய்ந்துபோன ரப்பர் செருப்பு, இருட்டு. கையில் டார்ச், காலில் பின்பட்டை வைத்த செருப்பு, படியில் பிடித்துக்கொள்ள ஒரு பேரப்பிள்ளை என்று ஏற்பாடு செய்துவிட்டால் பாதி ஆபத்து போய்விடும். மூடுபனியில் வண்டிக்காரர்களுக்குத் தெரிகிற மாதிரி வெளிர் நிறச் சால்வை போர்த்திவிடுங்கள்.

குளிரில் ரத்தக் குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும். போர்வையிலிருந்து நேராகக் குளிருக்குள் இறங்கக் கூடாது. கட்டில் ஓரத்தில் கொஞ்சம் உட்கார்ந்து, வெதுவெதுப்பாக ஏதாவது குடித்து, தலையையும் காதையும் மூடிக்கொண்டு கிளம்பட்டும். வழியில் நெஞ்சு அழுத்தமோ, தாடையில் இடது கையில் வலியோ, மூச்சு வாங்கலோ வந்தால் "வாயு" என்று சுக்குக் கஷாயம் கொடுத்துக்கொண்டிருக்காமல் 108-க்கு அடியுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் குளிருக்குக் கரி நெருப்பைச் சட்டியில் எடுத்து அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுப்பவர்கள் உண்டு. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். உங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள்.

கேள்வி: ஊன்றுகோல் வலிக்கிற கால் பக்கமா, மறுபக்கமா?
— வாசகர், அரூர்

பதில்: மறுபக்கம். வலது முழங்கால் வலித்தால் இடது கையில். செருப்புப் போட்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், கோலின் பிடி மணிக்கட்டு மடிப்பளவு இருக்க வேண்டும். அடி ரப்பர் வழவழப்பாகிவிட்டால் உடனே மாற்றுங்கள். குளிர்நாட்டுக்குப் போகிறவர்களுக்கு, கோலின் நுனியில் மடக்கி நீட்டுகிற இரும்பு முள் அங்கே கிடைக்கும். வீட்டுக்குள் வந்ததும் மறக்காமல் மடக்கிவிட வேண்டும்.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். பாதத்தில் மரத்துப்போன உணர்ச்சி உண்டு. ஜனவரியில் அமெரிக்காவில் நியூஜெர்சியில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகிறார். குளிரில் என்ன பார்க்க வேண்டும்?
— வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: பாதத்தைத்தான் முதலில். மரத்த காலுக்குக் குளிர் ஏறுவதும் தெரியாது, சூடு சுடுவதும் தெரியாது. வெளியே போய் வந்ததும் சாக்ஸைக் கழற்றி வெளிச்சத்தில் பாதத்தைப் பார்க்க வேண்டும். தோல் வெளுத்தோ, மெழுகு மாதிரியோ இருந்தால் தேய்க்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். ஹீட்டர் பக்கத்தில் காலை நீட்டுவதோ, வெந்நீர்ப் பையை வைப்பதோ கூடவே கூடாது.

இன்சுலினைக் காரில் விட்டுவிட்டுக் கடைக்குள் போகக் கூடாது. ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகிய பிறகு பார்க்க நன்றாக இருந்தாலும் குப்பைக்குத்தான். கோட்டின் உள்பையில் வைத்துக்கொள்ளட்டும். சர்க்கரை பார்க்கும் மீட்டரும் குளிரில் சரியாகக் காட்டாது, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பாருங்கள். இன்னொன்று, குளிர் நடுக்கமும் சர்க்கரை இறங்கும் நடுக்கமும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். நடுங்கினால் 'குளிர்தான்' என்று விடாமல் சர்க்கரையைப் பார்க்கத் தம்பியிடம் சொல்லுங்கள். மேலே ஒன்று கீழே ஒன்று பவர் வைத்த கண்ணாடி போடுகிறவரானால், குனிந்து படியைப் பார்க்கும்போது ஆழம் தப்பாகத் தெரியும். வெளியே நடக்க, தூரத்துப் பார்வைக்கு மட்டும் தனியாக ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 70 வயது. லண்டனில் மகன் வீட்டுக்குப் போனபோது, ஐஸ் பிடித்த நடைபாதையில் விழுந்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. ஊர் திரும்பி இரண்டு வாரம் ஆகிறது, தொடை இடுக்கில் வலி என்று நொண்டுகிறார். "எலும்பு உடைந்திருந்தால் நடக்க முடியுமா?" என்று கேட்கிறார். எண்ணெய் போட்டு உருவிவிடலாமா?
— வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: அம்மா, உருவ வேண்டாம். இதைப் படித்த கையோடு அவரைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் உடைந்த முனைகள் ஒன்றுக்குள் ஒன்று செருகி நின்றுவிட்டால், நொண்டி நொண்டி நடக்க முடியும். அப்படிப்பட்ட முறிவை உருவினாலோ கட்டுப் போட்டாலோ நகர்ந்துவிடும், சின்ன ஆபரேஷனில் முடிவது பெரிய ஆபரேஷன் ஆகிவிடும். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான், எலும்புப் பிரிவில் எக்ஸ்ரே எடுங்கள். காரில் படுத்தவாறு போகட்டும், அந்தக் காலில் பாரம் போட வேண்டாம். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று வந்தும் வலி அப்படியே இருந்தால், எம்.ஆர்.ஐ. தேவையா என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். முடி அளவு விரிசல் எக்ஸ்ரேயில் தப்பிவிடுவது உண்டு.

விழுந்தபோது தலை இடித்ததா என்று அவரை உட்கார வைத்து நிதானமாக விசாரியுங்கள். இதயத்துக்கு ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவரானால் இது இன்னும் முக்கியம். மண்டைக்குள் மெதுவாகக் கசியும் ரத்தம், வாரக்கணக்கில் கழித்துத்தான் தலைவலியாக, மறதியாக, அளவுக்கு மீறிய தூக்கமாகத் தெரியவரும். அப்படி ஏதாவது இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சொல்லாமல் மறைத்தார் என்று கோபப்படாதீர்கள். இனி எங்கும் அனுப்ப மாட்டார்கள் என்ற பயத்தில்தான் பெரியவர்கள் விழுந்ததை மறைக்கிறார்கள். எலும்பின் அடர்த்தியையும், வைட்டமின் டி அளவையும் சேர்த்துப் பார்த்துவிடச் சொல்லுங்கள். ராகிக் களி தொடரட்டும், 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. ஆனால் எலும்பு மெலிந்திருந்தால் களி மட்டும் போதாது, மாத்திரையோ ஊசியோ வேண்டியிருக்கும். எக்ஸ்ரே முடிவை எனக்கு எழுதி அனுப்புங்கள். முறிவு இல்லையென்றால் எந்தப் பயிற்சியில் தொடங்குவது, ஆபரேஷன் என்றால் எந்த நாளில் எழுந்து நிற்கச் சொல்வார்கள் என்று அடுத்த இதழில் விரிவாகச் சொல்கிறேன்.