பழைய காருக்குள் விநோதமான வாடை: எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

கார் வாங்கிப் பதினான்கு வருஷம் ஆகிறது, கொஞ்ச நாளாக உள்ளே ஒரு மாதிரி வாடை அடிக்கிறது, இரண்டு தடவை கழுவியும் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

முதல் வேலையாக, உள்ளே தொங்கும் வாசனை பாட்டிலை எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை எதையும் சரியாக முகர முடியாது. அப்புறம் ஒரு வாரத்துக்கு, வாடை எப்போது வருகிறது என்று மட்டும் கவனியுங்கள். காலையில் கதவைத் திறந்ததுமா, ஏசி போட்ட முதல் இரண்டு நிமிஷத்திலா, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகா, சிக்னலில் நிற்கும்போதா? பட்டறையில் போய் "நாத்தம் வருது" என்று மட்டும் சொன்னால் ஏசியில்தான் கை வைப்பார்கள். எனக்கு அப்படித்தான் நடந்தது.

என்னுடையது 2006 மாடல் பெட்ரோல் வண்டி, அப்பா வாங்கியது. நாங்கள் பொள்ளாச்சிப் பக்கம். முதலில் வாடையைக் கண்டுபிடித்தது அம்மாதான். "ஏங்கண்ணு, வண்டிக்குள்ள பாகு ஏதாச்சும் கொட்டிப்போச்சா?" என்று கேட்டார். வெல்லப் பாகு லேசாகப் புளித்தால் எப்படியிருக்கும், அந்த மாதிரி ஓர் இனிப்பு வாடை. ஒரு பட்டறையில் ஏசி ஃபில்டரை மாற்றினார்கள். இன்னொரு இடத்தில் சீட்டையெல்லாம் கழற்றி ஷாம்பு போட்டுக் கழுவினார்கள். பத்து நாள் நன்றாக இருந்தது, பிறகு பழையபடி.

இத்தனைக்கும் அடையாளங்கள் கண்ணெதிரே இருந்தன. முன் கண்ணாடியின் உட்பக்கம் புகை படிந்ததுபோல் மங்கும். ஏசி போட்டாலும் முழுக்கத் தெளியாது. துணியால் துடைத்தால் எண்ணெய் தடவியதுபோல் இழுவிக்கொள்ளும், இரவில் எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் பட்டால் ரோடே தெரியாது. பானெட்டுக்குள் கூலன்ட் டேங்கில் வாரத்துக்கு ஒரு விரல் அளவு குறைந்தது. பழைய வண்டி, கொஞ்சம் குடிக்கும் என்று நினைத்து நானும் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

ஒரு நாள் வால்பாறை போனோம். நாற்பது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடித்த பிறகு குளிர் தாங்காமல் ஹீட்டரைத் திருப்பினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, பாகு வாடை முகத்தில் அடித்தது, கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் படர்ந்துவிட்டது. ஓரமாக நிறுத்தி இடது பக்க மிதியடியைத் தூக்கிப் பார்த்தேன். கீழே கார்ப்பெட் சொதசொதவென்று இருந்தது, விரலில் தொட்டுத் தேய்த்தால் வழுவழுப்பு.

ஒழுகியது ஹீட்டர் கோர். டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் குட்டி ரேடியேட்டர் அது. இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் அதற்குள்ளும் ஓடும். "நம்ம ஊரில் யார் ஹீட்டர் போடுகிறார்கள்" என்று விட்டுவிட முடியாது, பல வண்டிகளில் ஹீட்டரை நிறுத்தி வைத்திருந்தாலும் கூலன்ட் அதன் வழியே ஓடிக்கொண்டுதான் இருக்கும். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால்தான் அந்த இனிப்பு வாடைக்குக் காரணம். அது விஷம். தரையில் சிந்தினால் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள், தெரு நாயும் பூனையும் நக்கிவிடும்.

மாற்றுவதற்கு டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டியிருந்தது, இரண்டு நாள் ஆனது. சாமான் விலையைவிடக் கூலி அதிகம். பணம் புரளும்வரை ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் இன்ஜின் பக்கமே இணைத்து பைபாஸ் செய்து ஓட்டினேன். தற்காலிகத்துக்கு அது போதும். ஆனால் கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் பஞ்சை எடுத்து வெயிலில் காயவைக்காவிட்டால், ரிப்பேர் செய்த பிறகும் வாடை போகாது.

இதில் குழப்பம் எங்கே வருகிறதென்றால், ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டாலும் அதே பக்கம்தான் ஈரமாகும். ஒரு வெள்ளை டிஷ்யூவை ஈரத்தில் அழுத்திப் பாருங்கள். பச்சை அல்லது சிவப்புக் கறையோடு வழுவழுப்பும் இருந்தால் கூலன்ட். நிறமில்லாமல், நனைந்த சாக்கு வாடை அடித்தால் ஏசி தண்ணீர். புழுக்கமான நாளில் ஏசி போட்டுப் பத்து நிமிஷம் நின்றும் வண்டிக்கு அடியில் சொட்டு விழவில்லை என்றால் குழாய் அடைப்பாகத்தான் இருக்கும், சின்ன வேலை. ஏசி போட்டதும் வந்து சற்று நேரத்தில் குறையும் பூஞ்சை வாடை என்றால் கூலிங் காயிலைச் சுத்தம் செய்தால் போதும்.

மற்ற வாடைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிக்னலில் நிற்கும்போது எண்ணெய் கருகுவதுபோல் வந்தால் இன்ஜினின் மேல் மூடிக்கு அடியில் இருக்கும் டேப்பட் கவர் பேக்கிங் கசிந்து சூடான சைலன்சர் பைப்பில் சொட்டுகிறதா என்று பாருங்கள். அழுகிய முட்டை வாடைக்கு, இன்ஜின் ஓடும்போது பேட்டரியின் வோல்டேஜை அளக்கச் சொல்லுங்கள், 14.5 வரை சரி, 15-ஐத் தாண்டினால் பேட்டரி அதிகமாக சார்ஜ் ஆகிறது. அது சரியாக இருந்தால் சைலன்சர் பைப்பில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பார்க்க வேண்டும். வெயிலில் நிறுத்தினால் அதிகமாகும் பிண வாடைக்கு, ஏசி ஃபில்டர் பெட்டியில் எலி செத்துக் கிடக்கிறதா என்று தேடுங்கள்.

பெட்ரோல் வாடையோ பிளாஸ்டிக் கருகும் வாடையோ வந்தால் மட்டும் ஒரு வாரமெல்லாம் கவனிக்க வேண்டாம். வண்டியை நிறுத்தி, எல்லோரையும் இறக்கிவிட்டு, மெக்கானிக்கை அங்கேயே வரவழையுங்கள். சைலன்சர் புகை வாடை உள்ளே வந்தாலும் ஓட்டக் கூடாது. அதோடு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, தலைவலியும் மயக்கமும்தான் வரும்.

உங்கள் வாடை இனிப்பா, சாக்கு வாடையா என்று நீங்கள் எழுதவில்லை. நாளைக் காலை இன்ஜின் சூடாவதற்கு முன் கூலன்ட் டேங்கில் அளவைப் பேனாவால் குறித்து வையுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே வேண்டாம், கொதிக்கும் தண்ணீர் முகத்தில் பீய்ச்சும். இடது பக்கக் கார்ப்பெட்டையும் தூக்கிப் பார்த்துவிட்டு, டிஷ்யூவில் என்ன நிறம் வந்தது என்று இங்கேயே கீழே எழுதுங்கள், அடுத்து என்ன பார்க்கலாம் என்று சொல்கிறேன்.