ரோடு பைக்கில் ரொம்பக் குனிய வேண்டியிருக்கிறது, கழுத்து வலிக்கிறது. ஹேண்டில்பாரை உயர்த்த முடியுமா?

முடியும். எவ்வளவு என்பது ஸ்டெம்மை, அதாவது ஹேண்டில்பாரை பைக்கோடு இணைக்கும் பாகத்தைப் பொறுத்தது.

இப்போதைய பைக்குகளில் ஸ்டெம், ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் கவை) குழாயை வெளியிலிருந்து கவ்வியிருக்கும். ஸ்டெம்முக்கு மேலே ஸ்பேசர் வளையங்கள் இருந்தால் அதற்குக் கீழே மாற்றிப் போடுங்கள். இல்லையென்றால் ஸ்டெம்மையே தலைகீழாகத் திருப்பி மாட்டலாம். 100 மி.மீ. நீளம், 6 டிகிரி கோணம் உள்ள ஸ்டெம்மில் இதனாலேயே சுமார் 2 செ.மீ. உயரும். காசு செலவில்லாத வேலை, முதலில் இதைச் செய்து பாருங்கள்.

மாட்டும்போது வரிசை முக்கியம். மேல்மூடி போல்ட்டை ஆட்டம் நிற்கும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். அதுதான் ஸ்டெம்மைப் பிடித்திருக்கிறது என்று நினைத்துப் பலர் முரட்டுத்தனமாக முறுக்குகிறார்கள். அதன் வேலை பேரிங்கை அழுத்துவது மட்டுமே. அப்புறம் சக்கரத்தோடு நேர் பார்த்து, பக்க போல்ட்டுகளை மாற்றி மாற்றி இறுக்குங்கள். எவ்வளவு என்று பெரும்பாலும் ஸ்டெம்மிலேயே போட்டிருக்கும், பலவற்றில் 5 நியூட்டன் மீட்டர். கார்பன் குழாய் என்றால் டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) இல்லாமல் கை வைக்காதீர்கள். முன் பிரேக்கைப் பிடித்தபடி பைக்கை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். டக் டக் என்று ஆடினால் பக்க போல்ட்டைத் தளர்த்தி மறுபடி முதலிலிருந்து.

பழைய பைக்கில் ஸ்டெம் குழாய்க்குள் இறங்கியிருக்கும். மேல் போல்ட்டைச் சில சுற்று தளர்த்தி, அந்த போல்ட்டின் தலையில் லேசாகத் தட்டினால் கழன்று மேலே வரும். அதில் பொறித்திருக்கும் எல்லைக்கோடு மட்டும் வெளியே தெரியக் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் கையை எட்டி நீட்ட வேண்டியிருந்தால் பிரச்சினை உயரமில்லை, தூரம். சரி, அதற்குக் குட்டையான ஸ்டெம்தான் வழி.