அலாஸ்கா கப்பலில் ராத்திரி சாப்பாட்டுக்கு என்ன உடுத்துவது?

அலாஸ்காவுக்குக் குடும்பத்தோடு கப்பலில் போகிறவர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும். பெரும்பாலும் சியாட்டிலிலிருந்தோ வான்கூவரிலிருந்தோ கிளம்பும் 7 இரவுப் பயணம் பற்றியவை. நார்வே பற்றியும் ஒரு கேள்வி வந்திருக்கிறது.

கேள்வி: அக்கா, ஜூன் கடைசியில் போகிறோம். நான், கணவர், 9 வயதில் பையன், 5 வயதில் பெண். குளிர்ப் பிரதேசம் என்பதால் ராத்திரி சாப்பாட்டுக்கும் கம்பளித் துணியாகவே எடுத்து வைக்கட்டுமா?

வேண்டாம். எல்லாரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். சாப்பாட்டுக் கூடம் நாலு பக்கமும் அடைத்த அறை. ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்து சூடாகச் சாப்பிடுவார்கள். தடித்த ஸ்வெட்டரோடு உட்கார்ந்தால் சூப் முடிவதற்குள் வேர்த்துவிடும். அப்புறம் அதைக் கழற்றினால் உள்ளே இருப்பது கசங்கிய பனியன் மாதிரி ஏதோ ஒன்றாக இருக்கும்.

குளிர் இருப்பது கதவுக்கு வெளியே. ஜூலையில்கூட அலாஸ்காவின் ஜூனோ துறைமுகத்தில் பகலில் 17, 18 டிகிரி செல்சியஸ்தான், இரவில் 10க்குப் பக்கம் வந்துவிடும். கப்பல் 20 நாட் (கடல் வேக அளவு) வேகத்தில் போனால், காற்றே அடிக்காத நாளிலும் மேல்தளத்தில் மணிக்கு 37 கிலோமீட்டர் காற்று முகத்தில் அறையும். 10 டிகிரி உடம்புக்கு 6 டிகிரி மாதிரி உறைக்கும்.

இதற்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்றால், ஜூன் கடைசியில் அங்கே சூரியன் மறைய இரவு 10 மணி ஆகும். நீங்கள் சாப்பிடும்போது வெளியே நல்ல வெளிச்சம் இருக்கும். பக்கத்து மேஜையில் யாராவது “திமிங்கிலம்!” என்பார்கள், கூடமே எழுந்து ஓடும். அந்த நேரத்தில் ஏழு தளம் ஏறி அறைக்குப் போய் ஜாக்கெட் எடுத்து வந்தால் திமிங்கிலம் போயிருக்கும். அதனால் சாப்பாட்டுக்கு வீட்டில் ஒரு நல்ல ஓட்டலுக்குப் போகிற மாதிரி மெல்லிய உடுப்பு போடுங்கள். கூடவே ஆளுக்கு ஒரு மேலுடுப்பு நாற்காலி முதுகில் தொங்கட்டும். கைப்பிடி அளவு பைக்குள் சுருட்டி வைக்கிற மெல்லிய டவுன் ஜாக்கெட் (பறவையின் மென்சிறகு திணித்தது) இதற்கு மிகவும் பொருத்தம். குழந்தைகளுக்கு அதோடு ஒரு கம்பளித் தொப்பி, பாக்கெட்டில்.

கேள்வி: ஃபார்மல் நைட், அதாவது விசேஷமாக உடுத்திக்கொண்டு சாப்பிடும் இரவு என்று இரண்டு நாள் போட்டிருக்கிறார்கள். என்னிடம் சூட் இல்லை. வாங்கியே ஆக வேண்டுமா?

முதலில் எந்த நிறுவனத்தின் கப்பல் என்று பாருங்கள். 7 இரவுப் பயணத்தில் பிரின்சஸ், கார்னிவல், ஹாலந்து அமெரிக்கா, செலிப்ரிட்டி எல்லாவற்றிலும் பொதுவாக இரண்டு இரவு இப்படி வரும். பெயர் மட்டும் மாறும்: பிரின்சஸில் ஃபார்மல், செலிப்ரிட்டியில் ஈவினிங் சிக், கார்னிவலில் எலிகன்ட். நார்விஜியன் கப்பலில் அப்படிக் கட்டாயமே கிடையாது. இவை எல்லாவற்றையும்விடக் கண்டிப்பானது குனார்டு. அங்கே காலா இரவு (அவர்களின் ஃபார்மல் இரவு) என்றால் அடர் நிற சூட் அல்லது டக்ஸிடோ (வில் டையோடு போடும் விருந்து சூட்) என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அலாஸ்கா போகும் மற்றக் கப்பல்களில் கரீபியன் பயணங்களைவிட ஒரு படி குறைவாகத்தான் எல்லாரும் உடுத்துவார்கள். பகல் முழுக்க மழையிலும் மலையிலும் சுற்றிவிட்டு வருகிறவர்கள் அவர்கள். கருநீல பிளேசர் ஒன்று, சாம்பல் நிற பேன்ட், முழுக்கை வெள்ளைச் சட்டை, கருப்பு ஷூ இருந்தால் இரண்டு இரவையும் முடித்துவிடலாம். இரண்டாம் நாள் சட்டையை மட்டும் மாற்றுங்கள். டை விருப்பம்தான். பிளேசரும் இல்லையென்றால் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையோடு பேன்ட் பெரும்பாலான கப்பல்களில் போதும்.

அரைக்கால் டவுசர், கை இல்லாத பனியன், நீச்சல் உடை, ரப்பர் செருப்பு, முன்விளிம்புத் தொப்பி, கிழிசல் ஜீன்ஸ் ஆகியவற்றைத்தான் வாசலில் தடுப்பார்கள். தடுத்தாலும் பட்டினி கிடையாது. மேலே பஃபே திறந்திருக்கும், அங்கே எளிய உடையில் சாப்பிடலாம்.

கேள்வி: பட்டுப்புடவை கட்டினால் பொருத்தமாக இருக்குமா? காற்றில், கப்பல் ஆட்டத்தில் சமாளிக்க முடியுமா?

பொருத்தம் பற்றிச் சந்தேகமே வேண்டாம். குனார்டு போன்ற கண்டிப்பான நிறுவனமே நாட்டு உடையை முழு ஃபார்மலாக ஏற்கிறது. சமாளிப்பதற்குத்தான் கொஞ்சம் ஏற்பாடு தேவை.

கனத்த சரிகைக் காஞ்சிபுரம் வேண்டாம். எடை ஒரு காரணம், ஈரம் இன்னொன்று. மழைத்துளி பட்டால் பட்டில் வட்டமாகத் தடம் விழும், கப்பலில் அதைச் சரிசெய்ய வழியில்லை. சாஃப்ட் சில்க், அல்லது கசங்காத கிரேப் புடவை எடுங்கள். பருத்திப் புடவை அழகுதான், ஆனால் பெட்டியிலிருந்து எடுத்ததும் இஸ்திரி கேட்கும். அந்தச் சிக்கல் கீழே தனியாக வருகிறது.

உள்பாவாடைக்குப் பதில் இடுப்பில் பட்டை வைத்த, மீன் வால் வடிவப் பாவாடை போட்டால் கொசுவம் கலையாது, காற்றில் தூக்காது. அதற்குள் மெல்லிய மெரினோ (மென்கம்பளி) லெக்கிங்ஸ் போடலாம், வெளியே தெரியாது. முழங்கை வரை கை வைத்த ரவிக்கை ஒன்று தைத்துக்கொண்டால் சால்வை இல்லாமலே கூடத்தில் உட்காரலாம். முந்தானையை மடிப்பு வைத்துத் தோளில் ஒரு ஊக்கு, இடுப்புக்குப் பின்னால் ஒரு ஊக்கு. விட்ட முந்தானை வேண்டவே வேண்டாம்: மேல்தளக் கதவைத் திறந்ததும் பறந்து கதவிடுக்கில் மாட்டும். அந்தக் கதவுகள் கனமானவை, தானாக மூடிக்கொள்ளும். மேல்தளக் கதவுகளில் கீழே உயர்ந்த நிலைப்படியும் இருக்கும். கொசுவத்தை இடது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் தாண்ட வேண்டும். புடவையை வழக்கத்தைவிட ஓர் அங்குலம் ஏற்றிக் கட்டுங்கள்.

செருப்பு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஊசிக்குதிகால் கூடாது. சியாட்டிலிலிருந்து போகும் கப்பல்கள் வான்கூவர் தீவின் மேற்குப் பக்கமாக, திறந்த பசிபிக்கில் போகின்றன. முதல் ஃபார்மல் இரவு பெரும்பாலும் இரண்டாம் நாள், அதாவது கரை தொடாத கடல் நாளில் வரும். பயணத்திலேயே அதிகம் ஆடக்கூடிய ராத்திரி அதுதான். வான்கூவர் நகரத்திலிருந்து கிளம்பினால் அந்தத் தீவுக்கும் கரைக்கும் நடுவே போவதால் பெரும்பாலும் அமைதி. அகலமான, தட்டைக் குதிகால், பின்பட்டை உள்ள செருப்பாக இருக்கட்டும்.

கேள்வி: மாமனார் வேட்டிதான் கட்டுவார். 74 வயது. உள்ளே விடுவார்களா? ஏசி ஒத்துக்கொள்ளாது, அதுவும் யோசனையாக இருக்கிறது.

விடுவார்கள். பட்டு வேட்டி, முழுக்கைச் சட்டை அல்லது ஜிப்பா, அங்கவஸ்திரம் என்றால் அது முறையான உடைதான். ஒட்டிக்கோ வகை வேட்டியாக எடுங்கள். ஆட்டத்தில் கைப்பிடிக் கம்பியைப் பிடிக்க இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும், வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நடக்க முடியாது. உள்ளே சந்தன நிறத் தெர்மல் பேன்ட், ஏனென்றால் கருப்பு வெளியே தெரியும். காலில் ரப்பர் செருப்பு வேண்டாம். வழுக்காத அடி உள்ள மூடின ஷூ போடட்டும்.

ஏசி பற்றி: ஏறிய முதல் நாளே சாப்பாட்டுக் கூடத்தின் தலைமைப் பணியாளரிடம் போய், கூரைக் காற்றுத் துளைக்குக் கீழேயும் ஜன்னலை ஒட்டியும் இல்லாத மேஜை வேண்டும் என்று சொல்லுங்கள். அலாஸ்காவில் ஜன்னல் கண்ணாடி சில்லென்று இருக்கும். காட்சிக்காக ஜன்னலோரம் கேட்டு வாங்கிவிட்டு அங்கே பெரியவரை உட்கார வைத்தால் அவருக்குத்தான் கஷ்டம். மங்கி கேப்பைக் கூடத்துக்குள் தவிர்த்து, கழுத்தில் கம்பளி மஃப்ளர் சுற்றிவிடுங்கள்.

கேள்வி: பிள்ளைகளுக்கு கோட்டு சூட்டு தேவையா?

தேவையில்லை. காலர் வைத்த சட்டை, கருநீல பேன்ட் பையனுக்கு. பெண்ணுக்குக் கவுன், அடியில் கம்பளி லெக்கிங்ஸ். பட்டுப்பாவாடை போட்டால் நீளத்தைக் கணுக்காலுக்கு மேல் வையுங்கள். படிக்கட்டில் மிதித்துவிடுவார்கள். ஆளுக்கு ஒரு மாற்று உடையைச் சிறிய பையில் கொண்டுபோங்கள். பால், சாஸ் கொட்டும். நல்ல உடுப்பை ஃபோட்டோவுக்கு மட்டும் போட்டுவிட்டு உட்காரும் முன் மாற்றிவிடுவது இன்னும் நல்லது. ஃபார்மல் இரவுகளில் படம் எடுக்கும் திரைகள் மாலையிலிருந்தே போட்டிருப்பார்கள்.

கேள்வி: அறையில் அயர்ன் பாக்ஸ் இருக்குமா? எடுத்துவரலாமா?

இருக்காது, எடுத்தும் வரக்கூடாது. அயர்ன் பாக்ஸ், துணி ஸ்டீமர் எல்லாம் தீ அபாயம் என்று ஸ்கேனிங்கில் எடுத்து வைத்துக்கொள்வார்கள், இறங்கும்போதுதான் தருவார்கள். பிரின்சஸ், டிஸ்னி கப்பல்களில் பயணிகளே பயன்படுத்தும் துணி துவைக்கும் அறை உண்டு, இஸ்திரிப் பலகையோடு. ஃபார்மல் இரவன்று மாலை 4 மணிக்கு மேல் அங்கே வரிசை நிற்கும். காலையிலேயே முடித்துவிடுங்கள். ராயல் கரீபியனில் அப்படி அறை கிடையாது, காசு கொடுத்துத்தான் தேய்க்கக் கொடுக்க வேண்டும்.

துணியை மடிக்காமல் சுருட்டி, டிரைகிளீனிங் பிளாஸ்டிக் உறையில் வைத்துப் பெட்டியில் அடுக்கினால் கசங்கல் பாதி குறையும். அறைக்கு வந்த உடனே தொங்கவிடுங்கள். மிச்சக் கசங்கலுக்குக் குளியலறையில் மாட்டி, வெந்நீர் ஷவரை 10 நிமிடம் திறந்து வைத்துக் கதவைச் சாத்துங்கள், பிறகு கையால் நீவிவிட்டால் கிரேப்பும் கம்பளிப் பேன்டும் சரியாகிவிடும். பருத்தி ஆகாது.

இன்னொன்று: கப்பல் அறைச் சுவர்கள் பெரும்பாலும் இரும்பு. காந்தக் கொக்கி 6 எடுத்துப் போங்கள். வழியில் வரும் கெச்சிகன் ஊரில் ஆண்டுக்கு 140 அங்குலத்துக்கு மேல் மழை பெய்யும், நாலு பேர் ரெயின்கோட்டும் நனைந்து வரும். அதைச் சாப்பாட்டு உடுப்பு இருக்கும் அலமாரிக்குள் மாட்டினால் எல்லாமே ஈர வாடை வீசும். கொக்கிகளைக் குளியலறைப் பக்கம் ஒட்டி அங்கேயே சொட்டவிடுங்கள்.

கேள்வி: ஊர் சுற்றிவிட்டு 7 மணிக்குத்தான் கப்பலேறுவோம். அப்படியே ஜீன்ஸில் போகலாமா?

துறைமுக நாட்களில் சாதாரண உடைதான். கிழிசல் இல்லாத ஜீன்ஸ் தாராளமாகப் போடலாம். ஆனால் நனைந்த ஜீன்ஸோடு உட்காராதீர்கள், பருத்தி காய மணிக்கணக்கில் ஆகும், ஏசியில் அதுவே நடுக்கும். சேற்று ஷூவையும் மாற்றுங்கள். 10 நிமிட வேலைதான்.

கேள்வி: நாங்கள் லண்டனிலிருந்து பிப்ரவரியில் நார்வேக் கரையோரக் கப்பலில், பெர்கனிலிருந்து கிர்க்கெனஸ் வரை போகிறோம். அங்கேயும் ஃபார்மல் உண்டா?

ஹூர்டிகுருட்டன், ஹவிலா இரண்டிலும் இல்லை. அவை சரக்கும் உள்ளூர்ப் பயணிகளும் ஏற்றும் கப்பல்கள், ஸ்வெட்டரும் பேன்டுமாகத்தான் எல்லாரும் சாப்பிடுவார்கள். பிளேசரை வீட்டிலேயே விட்டு, அந்த இடத்தில் இன்னொரு ஜோடி மெரினோ உள்ளாடை வையுங்கள். சாப்பாட்டு நடுவே வடக்கொளி (இரவு வானில் திரை மாதிரி ஆடும் ஒளி) தெரிகிறது என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரலாம். மேல்தளம் பனி படிந்து வழுக்கும், அதனால் சாப்பாட்டுக்கே ரப்பர் அடி ஷூவோடு போங்கள். சூடேற்றிய அறையில் காற்று வறண்டிருக்கும். செயற்கை இழைப் புடவையோ சுடிதாரோ தெர்மல் மேல் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். பருத்தி அவ்வளவாக ஒட்டாது.

கேள்வி: முதல் நாளும் கடைசி நாளும் என்ன போடுவது?

இரண்டுமே சாதாரண இரவுகள். முதல் நாள் பெரிய பெட்டிகள் அறைக்கு வர மாலை ஆகிவிடும், சில நேரம் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வரும். ஆளுக்கு ஒரு சட்டை, ஜாக்கெட், குழந்தைகளுக்கு மாற்று உடை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும்.

சியாட்டில் பயணத்தில் கடைசி மாலை பெரும்பாலும் கனடாவின் விக்டோரியாவில் நிற்கும். அமெரிக்கத் துறைமுகத்தில் கிளம்பி அங்கேயே முடியும், வேறு நாட்டில் பதிவான கப்பல் நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட வேண்டும் என்பது 1886ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த நிலை. அன்று சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு இறங்குவீர்கள், நடக்கிற உடுப்பே போதும். திரும்பி வந்ததும் பெட்டிகளை அறை வாசலில் வைத்துவிட வேண்டும். அதற்கு முன் மறுநாள் காலை உடுப்பு, உள்ளாடை, ஷூ, ஜாக்கெட் நாலு பேருக்கும் வெளியே எடுத்து வைத்தாயிற்றா என்று கட்டில் மேல் பரப்பிப் பார்த்துவிட்டுப் பெட்டியைப் பூட்டுங்கள்.