தண்டுவடத்தின் கொழுப்பைப் படம் பிடிக்க முடியுமா?

கேள்வி: என் தம்பிக்கு 29 வயது. ஆறு மாதத்துக்கு முன் உயரத்திலிருந்து விழுந்ததில் தண்டுவடத்தில் அடிபட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி குறைவு. அடிபட்ட தண்டுவடத்தில் கொழுப்பு மாறுவதைப் படமாகவே பார்க்கலாம் என்று படித்தேன். அந்த ஸ்கேனை அவனுக்கு எடுக்கலாமா? கொழுப்பு உணவை நிறுத்த வேண்டுமா?

பதில்: நீங்கள் எவ்வளவு தேடிப் படித்திருக்கிறீர்கள் என்பது புரிகிறது. ஆனால் அந்தப் படத்தை உங்கள் தம்பிக்கு எடுக்க முடியாது. அது உயிருள்ள மனிதருக்கான ஸ்கேன் அல்ல. பெரும்பாலும் எலியின் தண்டுவடத்தை வெளியே எடுத்து, உறைய வைத்து, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய சீவல்களாக வெட்டிச் செய்யும் ஆய்வு. சீவலின் மேல் ஒரு வேதிப்பொருளைப் பூசி, புள்ளி புள்ளியாக லேசரைப் பாய்ச்சுவார்கள். கிளம்பி வரும் மூலக்கூறுகளின் எடையைக் கருவி அளக்கும். எடைக்கு ஒரு நிறம் கொடுத்தால் எந்தக் கொழுப்பு எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். அடிபடாத தண்டுவடத்தின் சீவலில் நடுவே வண்ணத்துப்பூச்சி போன்ற சாம்பல் பகுதியும் சுற்றிலும் வெண்பகுதியும் பளிச்சென்று பிரிந்திருக்கும். அடிபட்ட சீவலில் அந்த எல்லையே கலைந்திருக்கும்.

கொழுப்பு ஏன் இவ்வளவு முக்கியம்? நரம்பிழையைச் சுற்றியுள்ள மயலின் உறையின் உலர் எடையில் 70 சதவீதத்துக்கு மேல் கொழுப்புதான். அடிபட்ட பிறகு என்சைம்கள் செல்களின் கொழுப்பு நிறைந்த சவ்வைச் சிதைக்கின்றன. சிதைந்த மயலினை விழுங்கும் பாதுகாப்புச் செல்கள், வயிறு நிறையக் கொழுப்புத் துளிகளோடு அங்கேயே தங்கி அழற்சியை நீட்டிக்கின்றன. விபத்து ஒரு நொடியில் முடிந்தாலும் சேதம் பல நாட்கள், வாரங்கள் தொடர்வது இதனால்தான். அந்தத் தொடர் சேதத்தைத் தடுக்கும் மருந்தைத் தேடுகிறவர்களுக்கு இந்தப் படங்கள் உண்மையிலேயே பெரிய உதவி.

நாம் எடுக்கும் எம்ஆர்ஐ பெரும்பாலும் நீரைத்தான் பார்க்கிறது. வீக்கம், ரத்தக்கசிவு, நசுங்கல் தெரியும். மயலின் கொழுப்பு நேராகத் தெரியாது. மயலின் அடுக்குகளுக்கு இடையே சிக்கிய நீரை அளந்து கணிக்கும் முறை உண்டு. அதுவும் பெரும்பாலும் ஆய்வில்தான்.

சரி, சாப்பாடு. மயலினுக்கு வேண்டிய கொலஸ்ட்ராலை நரம்பு மண்டலம் தானே தயாரித்துக்கொள்கிறது. தட்டில் இருக்கும் கொழுப்பைக் குறைப்பதால் தண்டுவடம் ஆறாது. ஆனால் நடமாட்டம் குறைந்தவர்களுக்கு நல்ல கொலஸ்ட்ரால் குறைவதும் வயிற்றில் சதை போடுவதும் சகஜம். இதயத்துக்காக ரத்தக் கொழுப்பைப் பரிசோதித்துக்கொள்ளட்டும். அது வேறு விஷயம்.

தம்பியின் நிலையைச் சரியாகச் சொல்வது மருத்துவர் நேரில் தொட்டுப் பார்க்கும் பரிசோதனைதான். பஞ்சால் தொட்டும் ஊசி முனையால் குத்தியும் உணர்ச்சியைப் பார்த்து, தசை தசையாக வலுவைப் பதிவு செய்வார்கள். பிசியோதெரபியை விடாதீர்கள். அப்புறம், மரத்துப்போன இடம் மேலே ஏறினாலோ, வலியோ தசை இறுக்கமோ புதிதாகக் கூடினாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். மாதங்கள், வருடங்கள் கழித்துக்கூடத் தண்டுவடத்துக்குள் நீர்க்கட்டி உருவாகலாம். அப்படி மாற்றம் தெரிந்தால் மறுபடி எம்ஆர்ஐ அவசியம். போகும்போது பழைய எம்ஆர்ஐ படத்தையும் கையோடு கொண்டுபோங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது புதிது என்று தெரியும்.