அம்மாவின் வீடு – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

தோத்திரம். போன மாதம் அம்மாவை அடக்கம்பண்ணினோம். 31 வருஷம் வாடகை வீட்டில் இருந்தவர்கள். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, ராத்திரி மோட்டார் போடக் கூடாது என்று ஒவ்வொரு வீட்டுக்காரரும் சொன்னதைக் கேட்டுக்கொண்டே எங்களை வளர்த்தார்கள். அப்பாவின் பி.எஃப். பணத்தில் கட்டிய சொந்த வீட்டில் நாலு வருஷம் இருக்கத்தான் கொடுத்துவைத்தது. தினமும் காலையில் வாசல் நிலையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே ஜெபம் பண்ணுவார்கள். அடக்க ஆராதனையில் பிரசங்கம் செய்தவர், "இந்த உலகம் வாடகை வீடு. சகோதரி சொந்த வீட்டுக்குப் போய்விட்டார்கள், யாரும் அழாதீர்கள்" என்றார். அது எனக்கு முள்ளாகக் குத்தியது. அம்மா அந்த வீட்டை அவ்வளவு நேசித்தது தப்பா ஐயா? கல்லறையில் "நம்முடைய குடியிருப்போ பரலோகத்திலிருக்கிறது" என்று போட வேண்டும் என்கிறார் அண்ணன். எனக்கு மனசு ஒப்பவில்லை. (பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரி,

அம்மாவுக்காக நன்றாக அழுங்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இறந்துபோன லாசருவை உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று தெரிந்திருந்தும் அவன் கல்லறைக்குப் போகிற வழியில் கண்ணீர் விட்டவர் இயேசு. தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது பவுல், நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்காதீர்கள் என்றுதான் சொல்கிறார். துக்கமே கூடாது என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை. என் அப்பா இறந்த அன்று, பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அழுத அம்மாவின் கையை விரல் விரலாகப் பிரித்துவிட்டு, "விசுவாசி அழலாமா?" என்று கேட்டார்கள். அம்மா அதற்கப்புறம் அழவில்லை. பல வருஷம் சரியாகத் தூங்கவும் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அதைக் கேட்டிருக்கக் கூடாது.

இப்போது வீட்டுக்கு வருகிறேன். "நிலையான நகரம் நமக்கு இங்கே இல்லை, வரப்போகிறதையே நாடித்தேடுகிறோம்" என்று எபிரெயர் நிருபம் சொல்கிறது. நானும் அதை முழு மனதோடு விசுவாசிக்கிறேன். அந்தப் பிரசங்கியார் வேதத்தில் இல்லாததைச் சொல்லிவிடவில்லை. ஆனால் உலகம் ஒரு வாடகை வீடு என்பதை அவர் சொல்லித்தானா உங்கள் அம்மாவுக்குத் தெரிய வேண்டும்? பெட்டி படுக்கையோடு வீடு மாறி மாறி, அடுத்த வீட்டுக்காரர் எப்படிப்பட்டவரோ என்று பயந்து பயந்து, அதைக் கற்றவர்கள் அவர்கள். சொந்த வீடு என்ற சொல்லின் ருசி அந்தக் கூட்டத்தில் வேறு யாருக்கும் அந்த அளவுக்குத் தெரிந்திருக்காது. "என் பிதாவின் வீட்டில் அநேக வாசஸ்தலங்கள் உண்டு" என்று இயேசு சொன்னார். வீட்டுக்காக ஏங்கியவருக்குத்தான் அந்த வாக்கு உள்ளே இறங்கும். அம்மா நிலையைத் துடைத்துக்கொண்டே ஜெபித்தார்கள் என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

ஆதியாகமம் 23-ஆம் அதிகாரத்தை ஒருமுறை எடுத்து வாசியுங்கள். பூமியில் பரதேசியாக வாழ்ந்தவர் என்றாலே ஆபிரகாம்தான். எபிரெயர் நிருபம் அவரைத்தான் காட்டுகிறது: கூடாரத்தில் குடியிருந்தார், தேவன் கட்டுகிற நகரத்துக்குக் காத்திருந்தார் என்று. அந்த ஆபிரகாம் சாராள் இறந்ததும் என்ன செய்தார்? உட்கார்ந்து புலம்பி அழுதார். அப்புறம் எழுந்து அந்த நாட்டு ஜனங்களான ஏத்தின் புத்திரரிடம் போய், "நான் உங்களிடத்தில் அந்நியனும் பரதேசியுமாய் இருக்கிறேன்" என்று சொல்லி, மனைவியை அடக்கம்பண்ண நிலம் கேட்டார். சும்மா எடுத்துக்கொள் என்றார்கள். அவர் ஒப்பவில்லை. 400 சேக்கல் வெள்ளியை எல்லாரும் பார்க்க நிறுத்துக் கொடுத்து வாங்கினார். அந்தக் கிரயத்தில் நிலம், குகை, எல்லையைச் சுற்றி நின்ற மரங்கள் வரை எல்லாம் சொல்லப்பட்டிருக்கிறது. நம் பத்திரங்களில் கிணறு, தென்னை, மாவடை மரவடை என்று எழுதுவோமே, அதே மாதிரி. வாழ்நாள் முழுவதும் கூடாரத்தில் இருந்த மனிதர் மனைவிக்காக மரங்களையும் கணக்கில் சேர்த்து வாங்குகிறார். அந்த அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

நம் பக்கத்துக் கதை ஒன்றும் உண்டு. கிறிஸ்தவர்களானதால் சொந்த ஊரில் இருக்க முடியாமல் போனவர்கள், தாவீது சுந்தரானந்தம் முன்னால் நிற்க, 1799-ல் தேரிக்காடு என்ற செம்மணல் பூமிப் பக்கம் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். அந்த ஊருக்கு முதலூர் என்று பெயர் வைத்தார்கள். பரலோகமே நம் வீடு என்று நம்பியவர்கள் செம்மண்ணில் நிலம் வாங்கி ஊர் அமைத்தார்கள். அதில் அவர்களுக்கு ஒரு முரண்பாடும் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

பரலோகமே நம் வீடு என்பதை யார் யாரிடம் சொல்கிறார்கள் என்பதும் முக்கியம். அமெரிக்காவில் அடிமைகளாக இருந்தவர்கள், தேவன் வாக்குப்பண்ணின கானான் தேசத்துக்குப் போகிறோம் என்று பாடினார்கள். தங்களுக்குக் கானான் என்றால் விடுதலையுள்ள வடக்கு என்றும் அர்த்தம் இருந்தது என்று, அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த ஃபிரடெரிக் டக்ளஸ் 1855-ல் எழுதினார். பறிகொடுத்தவர்கள் வாயிலிருந்து வரும்போது அந்த நம்பிக்கைக்கு அப்படி ஒரு பலம். அதையே ஒருவர் துக்கத்தில் இருப்பவரைப் பார்த்து "பேசாமல் இரு" என்ற தொனியில் சொன்னால், உங்களைக் குத்தியதுபோலத்தான் குத்தும்.

சரி, கல்லறை வசனம். அண்ணன் தேர்ந்தெடுத்த வசனம் பிலிப்பியர் 3:20. அதைப் பெற்றவர்கள் இருந்த பிலிப்பி ஊரைப் பற்றித் தெரிந்தால் வசனம் வேறு மாதிரித் திறக்கும். கி.மு. 42-ல் அங்கே பெரிய போர் நடந்தது. ரோமத் தலைவர்களான அந்தோனியும் ஒக்டேவியனும் ஜெயித்தார்கள். பணி முடிந்த சிப்பாய்களுக்கு அங்கேயே நிலம் கொடுத்து, பிலிப்பியை ரோமக் குடியேற்றம் ஆக்கினார்கள். ஊர் இருந்தது மக்கெதோனியாவில். சட்டம் ரோமச் சட்டம், கல்வெட்டுகள் பெரும்பாலும் லத்தீன். பவுலே அந்த ஊரில் விசாரணை இல்லாமல் அடிபட்டு, சிறையில் கிடந்து, மறுநாள் "நாங்கள் ரோமர்" என்று சொன்னதும் அதிகாரிகள் பயந்துபோய் வந்து சமாதானம் பேசினார்கள். அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் இந்த வசனத்தை எழுதுகிறார்.

நம் பழைய மொழிபெயர்ப்பில் "குடியிருப்பு" என்று இருக்கிற இடத்தில் கிரேக்கத்தில் உள்ள சொல் "பொலித்தெயுமா". குடியுரிமை என்று சொல்லலாம். ரோமக் குடியுரிமை பெற்ற பிலிப்பிக்காரர் மூட்டையைக் கட்டிக்கொண்டு ரோமுக்குப் போகக் காத்திருக்கவில்லை. பிலிப்பியில் வீடு கட்டி, நிலத்தை உழுது, ரோமர்களாக வாழ்ந்தார்கள். பரலோகத்தைச் சேர்ந்தவர்கள் பூமியில் அப்படி வாழ வேண்டும் என்பதுதான் பவுல் அவர்களுக்குச் சொன்னது. நிலையைத் துடைத்த உங்கள் அம்மா அப்படித்தான் வாழ்ந்திருக்கிறார்கள்.

வசனம் அதோடு முடியவும் இல்லை. "அங்கேயிருந்து கர்த்தராயிருக்கிற இயேசுகிறிஸ்து என்னும் இரட்சகர் வர எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று போகிறது. அங்கேயிருந்து வருகிறார். அடுத்த வசனத்தில் நம்முடைய அற்பமான சரீரத்தை மறுரூபப்படுத்துவார் என்கிறார். வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசியிலும் புதிய எருசலேம் பரலோகத்திலிருந்து இறங்கி வருகிறது. "மனுஷர்களிடத்திலே தேவனுடைய வாசஸ்தலமிருக்கிறது" என்று சத்தம் கேட்கிறது. ஞாயிறுதோறும் விசுவாசப்பிரமாணத்தில் சரீரம் உயிர்த்தெழுதலும் உண்டு என்று எழுந்து நின்று சொல்கிறோமே, அது இதுதான். நம் தமிழில் வீடு என்றால் எல்லாவற்றையும் விட்டு விடுபடுவது என்றும் ஒரு பொருள் உண்டு. அறம், பொருள், இன்பம், வீடு என்கிறோம். கிறிஸ்தவன் காத்திருக்கிற வீட்டில் கையும் காலும் உண்டு. துணி பிழிந்த அந்தக் கைகளும் அதில் சேர்த்தி.

அதனால் அண்ணன் சொன்ன வசனத்தையே போடுங்கள். பாதியில் மட்டும் வெட்டிவிடாதீர்கள். எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இந்த வசனம் உள்ள கற்களைப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் "பரலோகத்திலிருக்கிறது" என்பதோடு நிற்கிறது. கல் வெட்டுகிறவர் எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்குச் சொல்வார், இடமும் போதாது என்பார். கொஞ்சம் பெரிய கல்லாக எடுத்து, "அங்கேயிருந்து" தொடங்கி "எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம்" வரை வெட்டச் சொல்லுங்கள்.